ஷிபுசாவா பிளாட்பாரத்தில் ஒரு விளம்பரப் பாட்டு

டோக்கியோவில் எபிசு ஸ்டேஷனில் இறங்கிய முதல் நாள், ரயில் கிளம்புமுன் ஸ்பீக்கரில் ஒரு தந்தி இசை வந்தது. நாலைந்து விநாடிதான் இருக்கும். "இது எங்கேயோ கேட்ட ட்யூனாச்சே" என்றேன். கூட வந்த கல்லூரித் தோழன் பத்து வருடமாக ஜப்பானில் வேலை பார்ப்பவன். திரும்பிக்கூடப் பார்க்காமல் "பீர் விளம்பரம்டா" என்றான்.

1949-இல் வந்த 'தி தேர்ட் மேன்' படத்துக்காக ஆன்டன் காரஸ் ஸிதார் என்ற வாத்தியத்தில் வாசித்த இசை அது (நம் சித்தார் இல்லை, மடியிலோ மேசையிலோ வைத்து மீட்டுவது). அதை எபிசு பீர் தன் டிவி விளம்பரங்களில் போட்டுப் போட்டு, ஜப்பான்காரர்களுக்கு அந்த ட்யூன் என்றாலே பீர் என்றாகிவிட்டது. பிறகு ஸ்டேஷனே அதை எடுத்துக்கொண்டது. சாத்தூர் சேவு, திருநெல்வேலி அல்வா என்று நாம் ஊர்ப் பெயரைப் பண்டத்துக்கு வைப்போம். இங்கே கதை தலைகீழ். 1890-இல் எபிசு பீர் விற்பனைக்கு வந்தது, 1901-இல் அந்தப் பீரை ஏற்றி அனுப்பவே ஒரு ஸ்டேஷன் திறந்தார்கள், அப்புறம் சுற்றியிருந்த பேட்டைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

அன்று இரவு அவன் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து, நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு விளம்பரங்களை மட்டும் பார்த்தேன். பெரும்பாலும் 15 விநாடி. பாட்டு வருகிற விளம்பரம் என்றால் திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் பாட்டின் பெயரும் பாடகர் பெயரும் வரும். பானக் கம்பெனிக்குப் பாட்டு கிடைக்கிறது, இசைக் கம்பெனிக்குக் காசில்லாமல் விளம்பரம் கிடைக்கிறது. இந்தக் கூட்டுக்கு அங்கே 'டை-அப்' என்று பெயர்.

இதில் எனக்குப் பிடித்துப்போன விஷயம் ஒன்று உண்டு. நம் சினிமாப் பாட்டு பெரும்பாலும் பல்லவியில்தான் ஆரம்பிக்கும். ஜப்பானியப் பாப் பாட்டு பொதுவாக அப்படியில்லை. முதலில் மெதுவாக ஒரு பகுதி, அதைக் கொஞ்சம் தூக்கிவிட இன்னொரு பகுதி, அதற்கப்புறம்தான் எல்லோரும் கூடவே பாடும் அந்த இடம். அதற்கு 'சாபி' என்று பெயர். அதுவரை காத்திருக்க 15 விநாடி விளம்பரத்துக்கு ஏது நேரம்? அதனால் டிவியில் வருவது சாபி மட்டும்தான். முழுப் பாட்டையும் ஒரு தடவைகூடக் கேட்காதவர்களுக்கும் அந்த ஒரு துண்டு மனப்பாடம்.

மறுநாள் கேக்யூ கவாசாகி ஸ்டேஷன். ரயில் வருமுன் அங்கே ஒலிப்பது கியூ சகாமோட்டோவின் 'உவே ஓ முய்தே அருகோ'. கண்ணீர் கீழே விழாமலிருக்க மேலே பார்த்தபடி நடப்போம் என்று போகும் 1961-ஆம் ஆண்டுப் பாட்டு. அமெரிக்காவில் அதற்கு 'சுகியாகி' என்று ஒரு மாட்டிறைச்சிக் குழம்பின் பெயரை வைத்து வெளியிட்டார்கள், 1963-இல் அங்கே முதலிடத்துக்கே போனது. சகாமோட்டோ கவாசாகிக்காரர், 1985 விமான விபத்தில் இறந்துபோனார். 2011 பூகம்பத்துக்கும் சுனாமிக்கும் பிறகு, சன்டோரி நிறுவனம் 71 பாடகர்களையும் நடிகர்களையும் வைத்து அவருடைய பாட்டுகளை ஆளுக்குக் கொஞ்சமாகப் பாட வைத்து விளம்பரமாகப் போட்டது. விஸ்கியும் காபியும் விற்கிற கம்பெனி, பாட்டிலைக் கண்ணில் காட்டவே இல்லை. தோழன் அதைத் தன் போனில் போட்டுக் காட்டினான். பிளாட்பாரத்தில் நின்றபடியே பார்த்து முடித்தோம், இரண்டு ரயிலை விட்டுவிட்டோம்.

ஆனால் நான் போக நினைத்த இடம் ஷிபுசாவா. ஷின்ஜுகுவிலிருந்து ஒடக்யூ ரயிலில் ஒன்றேகால் மணி நேரம், தன்சாவா மலைக்குப் போகிறவர்கள் இறங்குமிடம். தோழனுக்கு வேலை இருந்ததால் தனியாகப் போனேன். 'ஸார்டு' இசைக்குழுவின் பாடகி இஸூமி சகாய் வளர்ந்தது ஷிபுசாவா இருக்கும் ஹதானோ நகரத்தில். அவருடைய 'யுரேரு ஓமோய்' 1993-இல் பொகாரி ஸ்வெட் என்ற பானத்தின் விளம்பரத்துக்குப் போன பாட்டு. எடுத்த எடுப்பிலேயே சாபி! நம் பல்லவி மாதிரி. அதே பெயரில் வந்த ஆல்பம்தான் அந்த வருடம் ஜப்பானில் அதிகம் விற்றது. டிவி நிகழ்ச்சிகளில் அவர் தோன்றியது மிகக் குறைவு என்பதால், பலருக்கு அவர் விளம்பரத்தில் கேட்ட ஒரு குரல்தான். 2007-இல் இறந்தார். 2014-இலிருந்து ஷிபுசாவாவில் ரயில் வருமுன் அவருடைய இரண்டு பாட்டுகளின் மெட்டு ஒலிக்கிறது.

போய் இறங்கியதும்தான் என் மடத்தனம் புரிந்தது. அந்த மெட்டு ரயில் வருமுன் ஒலிப்பது. ரயிலுக்குள் வருகிறவனுக்கு எப்படிக் கேட்கும்? சரி, திரும்பும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று பஸ் பிடித்து ஓகுரா போய் மலையேறினேன். 1491 மீட்டர் தோனோதாகே சிகரத்துக்குப் போகும் அந்தப் பாதைக்கு 'முட்டாள் முகடு' என்று பட்டப்பெயர், ஏனென்றால் முடிவே இல்லாமல் படிகள். பாதியில் முட்டி சொன்ன பேச்சு கேட்கவில்லை, இறங்கிவிட்டேன்.

ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் மெஷினில் காசு போட்டேன். நீலப் பொகாரி ஸ்வெட் பாட்டில் தொம்மென்று விழுந்தது. 1980-இல் ஒட்சுகா மருந்துக் கம்பெனி கொண்டுவந்த பானம் இது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவோமே, அதை வாயால் குடித்தால் என்ன என்ற யோசனையில் பிறந்ததாம். பெயரிலேயே வியர்வை இருக்கிறது, முதல் வாய் குடிக்கக் கொஞ்சம் மனத்தடைதான். ஓ.ஆர்.எஸ். கரைசலில் எலுமிச்சை வாசனை காட்டிய மாதிரி ஒரு ருசி. அன்றைய தாகத்துக்குப் பாதி பாட்டில் ஒரே மூச்சில் போனது.

அப்போதுதான் மெட்டு வந்தது. நான் நின்ற பக்கமா எதிர்ப்பக்கமா என்று கவனிக்கவில்லை. குரல் இல்லை, வெறும் மணியோசை போல. பக்கத்தில் ஊன்றுகோலோடு ஒரு அம்மா நின்றிருந்தார், அறுபது வயதிருக்கும். நான் பாட்டிலையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிக் காட்டினேன். முதலில் முழித்தவர், பிறகு சிரித்துக்கொண்டே "ஸார்டோ!" என்றார். "பொகாரி, சீ-எம்!" (சீ-எம் என்றால் அங்கே விளம்பரம்) என்று எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழி மொத்தத்தையும் செலவழித்தேன். அவர் தலையை ஆட்டி, சன்னமாகச் சொற்களோடு பாடத் தொடங்கினார். ஸ்பீக்கர் நின்ற பிறகும் ஒரு வரி பாடினார், அடுத்த வரியில் சொல் மறந்து கையை விரித்தார். அதற்குள் ரயில் வந்து நின்றுவிட்டது.