சுகர் மாத்திரையோடு பைலட் லைசென்ஸ்: டெக்சாஸிலிருந்து ஓர் அனுபவம்

சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அமெரிக்காவில் பைலட் லைசென்ஸ் கிடைக்குமா? கிடைக்கும். எனக்குக் கிடைத்திருக்கிறது. ஆஸ்டினுக்கு வடக்கே ஜார்ஜ்டவுன் விமான நிலையத்தில் செஸ்னா 172 என்ற சிறு விமானம் ஒன்றை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, லேக் டிராவிஸ் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறேன். பொழுதுபோக்குக்குத்தான். பிரைவேட் பைலட் லைசென்ஸை வைத்துக்கொண்டு கூலிக்கு ஆள் ஏற்ற முடியாது, எனக்கு அந்த ஆசையும் இல்லை. பறக்கப் பழகியதைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். மருத்துவச் சான்று வாங்கிய பாட்டைத்தான் நம் ஆட்களுக்கு எழுதத் தோன்றியது. நம்மில் நாற்பதைத் தாண்டியவர்கள் நாலு பேர் கூடினால் அதில் ஒருவர் பையிலாவது மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை இருக்கும்.

அமெரிக்க விமானத்துறை நிர்வாகமான எஃப்ஏஏ, மருத்துவச் சான்றை மூன்று வகுப்பாக வைத்திருக்கிறது. ஏர்லைன் கேப்டன்களுக்கு முதல் வகுப்பு, சம்பளத்துக்குப் பறக்கும் மற்றவர்களுக்கு இரண்டாம் வகுப்பு, சொந்த ஆசைக்குப் பறப்பவர்களுக்கு மூன்றாம் வகுப்பு. மூன்றாம் வகுப்புச் சான்றை 40 வயதுக்கு முன் எடுத்தால் 60 மாதம் செல்லும், அதற்குப் பிறகு எடுத்தால் 24 மாதம்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பக்கத்தில் பயிற்சியாளர் உட்கார்ந்திருக்கும்வரை மாணவருக்கு இந்தச் சான்று தேவையே இல்லை. தனியாகப் பறக்கும் கட்டம், அதாவது சோலோ வரும்போதுதான் கேட்பார்கள். அதனால் பணத்தைக் கட்டி, வாரா வாரம் பறந்து, டேக்-ஆஃப் லேண்டிங் எல்லாம் கைவந்த பிறகு மருத்துவரிடம் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பள்ளியிலேயே அப்படி ஒருவரைப் பார்த்தேன். மனிதர் என்னைவிட நன்றாக இறக்குவார், ஆனால் மாதக்கணக்கில் சோலோ போக முடியாமல் நின்றார். அவரைப் பார்த்ததும் நான் பயிற்சியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டுவிட்டு, முதலில் மருத்துவ வேலையை எடுத்தேன்.

பரிசோதனையை நம் குடும்ப மருத்துவர் செய்ய முடியாது. எஃப்ஏஏ நியமித்த ஏஎம்இ என்னும் மருத்துவர்தான் செய்ய வேண்டும். அதற்கு முன் மெட்எக்ஸ்பிரஸ் என்ற தளத்தில் விண்ணப்பத்தை நிரப்பினால் ஓர் உறுதிப்படுத்தல் எண் வரும். அந்த எண்ணை ஏஎம்இ தன் கணினியில் போட்டுத் திறக்கிற நிமிஷத்தில்தான் அது அதிகாரபூர்வ விண்ணப்பமாகிறது. திறந்த பிறகு, 'கொஞ்சம் இருங்க டாக்டர், அடுத்த மாசம் வர்றேன்' என்று எழுந்து வர முடியாது. தருவது, மறுப்பது, மேலே அனுப்புவது என்று ஏதாவது ஒரு முடிவை அவர் பதிவு செய்தே ஆக வேண்டும்.

நான் ஏஎம்இயிடம் முதல்முறை போனது அந்த எண் இல்லாமல். வெறும் ஆலோசனைக்கு. என் லேப் ரிப்போர்ட்டுகள், மாத்திரைப் பட்டியல் எல்லாவற்றையும் மேசையில் வைத்து, 'இன்றைக்கு நான் விண்ணப்பித்தால் என்ன ஆகும்?' என்று கேட்டேன். வயதான மனிதர், தானும் பறப்பவர். தாள்களைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "உங்களுக்குக் கிடைக்கும், ஆனால் என் கையால் கிடைக்காது. ஓக்லஹோமா சிட்டிக்குப் போய்விட்டு வரும்."

ஓக்லஹோமா சிட்டியில்தான் எஃப்ஏஏவின் மருத்துவச் சான்றுப் பிரிவு இருக்கிறது. சுகரை உணவுக் கட்டுப்பாட்டிலேயே வைத்திருப்பவர்களுக்கு ஏஎம்இயே சான்று தந்துவிடலாம். தைராய்டு குறைவு, ஆஸ்துமா, சிறுநீரகக் கல் போன்றவற்றுக்கும், கட்டுக்குள் இருப்பதாகக் காகிதம் காட்டினால், அங்கேயே முடிந்துவிடும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கிறவர்கள் என்றால் 'ஸ்பெஷல் இஷ்யூவன்ஸ்' என்ற சிறப்பு அனுமதி வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்குக்கூட மூன்றாம் வகுப்பில் 1996 முதல் வழி இருக்கிறது, ஆனால் கேட்கும் தாள்கள் பல மடங்கு.

எஃப்ஏஏவின் பயம் சர்க்கரை கூடுவதைவிடத் திடீரென்று குறைந்துபோவதைப் பற்றித்தான். ஐயாயிரம் அடியில் தனியாக இருக்கும்போது கை நடுங்கி, கண் இருட்டினால் ஓரமாக நிறுத்த இடமில்லை. மெட்ஃபார்மின் தனியாக அப்படி இறக்காது. சல்ஃபோனில்யூரியா வகை மாத்திரைகளும் இன்சுலினும் இறக்கலாம். எந்த மருந்து என்பதைப் பொறுத்து கேள்விகள் மாறுவது இதனால்தான். மருந்தைப் புதிதாகத் தொடங்கினாலோ மாற்றினாலோ காத்திருப்புக் காலமும் உண்டு. ஆகவே விண்ணப்பிக்கப் போகிற சமயத்தில் மருந்தை மாற்றச் சொல்லி டாக்டர் யோசனை சொன்னால், பறக்கும் திட்டத்தையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஏஎம்இ எழுதித் தந்த பட்டியலோடு என் டாக்டரிடம் போனேன். மூன்று மாதத்துக்குள் எடுத்த ஏ1சி (சர்க்கரையின் சில மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), மருந்தின் பெயரும் அளவும், மயக்கமோ தாழ்நிலைச் சர்க்கரையோ வந்ததில்லை என்ற குறிப்பு, இதயம், சிறுநீரகம், கண், நரம்பு எதிலும் சிக்கல் இல்லை என்ற வரி. ஏ1சி 9ஐத் தாண்டினால் பேச்சுக்கே இடமில்லை. என்னுடையது ஏழுக்குச் சற்றுக் கீழே. டாக்டர்கள் வழக்கமாக எழுதும் 'நோயாளி நலம்' பாணிக் கடிதம் இங்கே எடுபடாது. எஃப்ஏஏ இதற்கென்றே ஒரு படிவம் வைத்திருக்கிறது. அதையே நீட்டினேன், டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் கையில் வந்த பிறகுதான் மெட்எக்ஸ்பிரஸ் பக்கம் போனேன். அதில் மூன்று கேள்விகளில் நின்று நிதானிக்க வேண்டும். 17ஆம் கேள்வி மருந்துகள். சீட்டு இல்லாமல் கடையில் வாங்குவதும் இதில் அடக்கம். (வெந்தயப் பொடியை எழுதுவதா என்று ஏஎம்இயிடம் கேட்டேன். அது என்ன என்று விளக்கவே ஐந்து நிமிஷம் ஆனது. சாப்பாட்டை எழுத வேண்டாம் என்றார்.) 18ஆம் கேள்வி இதுவரை வாழ்க்கையில் வந்த வியாதிகள், 'எப்போதாவது' என்றுதான் கேட்கிறது, 'இப்போது' என்று அல்ல. குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டியிருந்தால் அதுவும் இங்கேதான், ஓட்டுநர் பதிவேட்டைப் பார்க்க நாமே சம்மதமும் தருகிறோம். 19ஆம் கேள்வி கடந்த மூன்று ஆண்டுகளில் பார்த்த மருத்துவர்கள். வழக்கமான பல், கண் பரிசோதனையை விட்டுவிடலாம். ஊருக்குப் போயிருந்தபோது காய்ச்சலுக்கு மதுரையில் பார்த்த டாக்டரை விட முடியாது; எழுதினேன்.

'அங்கே பார்த்தது இவங்களுக்கு எப்படித் தெரியப்போகுது?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். தெரியாமல் போகலாம். ஆனால் பொய் எழுதினால் 2,50,000 டாலர் வரை அபராதம், ஐந்து ஆண்டுகள் வரை சிறை என்று அந்தப் படிவமே சொல்கிறது. ஒரு காய்ச்சலுக்காக அந்தச் சூதாட்டம் எனக்குத் தேவையாகப் படவில்லை.

பரிசோதனையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒவ்வொரு கண்ணும் கண்ணாடியோடு 20/40 தெரிந்தால் போதும், கிட்டப் பார்வைக்கும் அதே அளவு. கண்ணாடி அணிந்தே ஓட்ட வேண்டும் என்று சான்றில் அச்சாகிவிடும். காதுக்கு, ஆறடி தூரத்தில் முதுகைக் காட்டி நின்று சாதாரணப் பேச்சைக் கேட்டால் சரி. ரத்த அழுத்தம் 155/95க்குள். சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் பார்க்கிறார்கள். மூன்றாம் வகுப்புக்கு ஈசிஜி கிடையாது. நிறப் பார்வைக்கு நான் அட்டைகளைப் பார்த்து எண் சொன்னேன். 2025 முதல் புதிதாக வருகிறவர்களுக்குக் கணினியில்தான் அந்தச் சோதனை.

ஏஎம்இ என் விண்ணப்பத்தை ஒத்திவைத்து, தாள்களோடு மேலே அனுப்பினார். ஒத்திவைப்பு என்பது மறுப்பு அல்ல. காத்திருந்த மாதங்களில் எழுத்துத் தேர்வுக்குப் படித்தேன், பயிற்சியாளரோடு மட்டும் பறந்தேன். என் கிரீன் கார்டு காரணமாகப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையான டிஎஸ்ஏவின் சோதனையும் தேவைப்பட்டது. கைரேகை கொடுத்து, அவர்கள் சரி என்ற பிறகே விமானத்தில் முதல் பாடம். குடியுரிமை வாங்கியவர்கள் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். பிறகு ஒருநாள் தபாலில் கடிதமும் சான்றும் வந்தன. சான்று ஓராண்டுக்கு மட்டும். அடுத்தடுத்த ஆண்டுகளில் புது ஏ1சியும் டாக்டர் அறிக்கையும் கொண்டுபோனால் ஏஎம்இயே புதுப்பிக்கலாம் என்று கடிதம் சொன்னது.

அப்புறம் நடந்ததெல்லாம் வழக்கமான பாதை. சட்டப்படி குறைந்தது 40 மணி நேரம் பறக்க வேண்டும். நாற்பதில் முடிப்பவர்கள் அபூர்வம், நானும் முடிக்கவில்லை. எழுத்துத் தேர்வில் 60 கேள்விகள், 70 சதவீத மதிப்பெண் போதும், கட்டணம் 175 டாலர்.

கடைசியில் செக்ரைடு, அதாவது தேர்வாளரோடு வாய்மொழித் தேர்வும் பறத்தலும். வாய்மொழியில் அவர் என்னை அதிக நேரம் நிறுத்தியது வானிலையிலோ வரைபடத்திலோ அல்ல, உடம்பில். சான்று கையில் இருந்தாலும், அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் பறக்கக் கூடாது என்பது விதி. அதை நமக்கு நாமே தீர்ப்பு சொல்லிக்கொள்ள வேண்டும். "இது டிசம்பர். சீடார் அலர்ஜி வந்து செட்ரிசின் போட்டீர்கள். பறப்பீர்களா?" என்றார். மத்திய டெக்சாஸில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சீடார் மரத்தின் மகரந்தம் ஊரையே தும்மவைக்கும். ஊரிலிருந்து வரும் ஒவ்வொருவர் பெட்டியிலும் ஒரு அட்டை செட்ரிசின் இருக்கும், மிட்டாய் மாதிரி விழுங்குவோம். தூக்கம் வரவைக்கும் என்பதால் எஃப்ஏஏ அதை ஏற்பதில்லை. பெனட்ரில் சாப்பிட்டால் 60 மணி நேரம் தள்ளி நிற்க வேண்டும். தொந்தரவு எதுவும் வராதவர்களுக்கு லோராடடின், ஃபெக்ஸோஃபெனடின் சரி. இதை நான் முன்பே படித்து வைத்திருந்ததால் தப்பித்தேன்.

சான்றின் ஓராண்டு முடிய வந்தபோது நான் ஏஎம்இயிடம் திரும்பிப் போகவில்லை. பேசிக்மெட்டுக்கு மாறிவிட்டேன். இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். 2017 மே 1 முதல் நடப்பில் இருக்கும் ஏற்பாடு இது. 2006 ஜூலை 14க்குப் பிறகு எப்போதாவது ஒருமுறை எஃப்ஏஏ மருத்துவச் சான்று வைத்திருந்து, கடைசியாக வாங்கியது ரத்தாகாமலும் திரும்பப் பெறப்படாமலும், கடைசி விண்ணப்பம் மறுக்கப்படாமலும் இருந்தால், அதன்பின் சாதாரண மருத்துவரே நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதித்துக் கையெழுத்துப் போடலாம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இலவச ஆன்லைன் பாடம், கூடவே செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம். சிறப்பு அனுமதிச் சான்றும் அந்த 'ஒருமுறை'யில் சேர்த்தி. மாரடைப்பு, வலிப்பு, சில மனநல நோய்கள் என்று ஒரு சிறு பட்டியலுக்கு மட்டும், ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை சிறப்பு அனுமதி வாங்கியிருக்க வேண்டும். சர்க்கரை அந்தப் பட்டியலில் இல்லை.

கட்டுப்பாடுகள் என் மாதிரி ஆளுக்கு உறைக்காதவை: 18,000 அடிக்குக் கீழே, 250 நாட் வேகத்துக்குள், 2024 நவம்பருக்குப் பிறகு 12,500 பவுண்டு எடைவரை, ஆறு பயணிகள்வரை. வாடகை செஸ்னாவில் இதில் எதையும் எட்டிப்பிடிக்க முடியாது. கனடாவுக்குப் பறந்து போக முடியாது என்பது மட்டும் ஒரு குறை. நடைமுறைச் சிக்கல் வேறு: என் வழக்கமான டாக்டரின் மருத்துவக் குழுமம் இந்தப் படிவத்தில் கையெழுத்திட அனுமதிக்கவில்லை. இன்னொரு மருத்துவரைத் தேடிப் பிடித்தேன். நிரப்பிய படிவம் எஃப்ஏஏவுக்குப் போவதில்லை, பறந்த கணக்கை எழுதிவைக்கும் என் லாக்புக்கோடுதான் இருக்கிறது.

இப்போது தொடங்குகிறவர்களுக்கு நான் தொடங்கியபோது இல்லாத ஒரு கதவும் திறந்திருக்கிறது. 2004இலிருந்தே இருக்கும் ஸ்போர்ட் பைலட் லைசென்ஸுக்கு ஓட்டுநர் உரிமமே மருத்துவச் சான்று, குறைந்தபட்சம் 20 மணி நேரம். ஆனால் 1,320 பவுண்டு எடைக்குட்பட்ட குட்டி விமானங்கள் மட்டும்; எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் அவை கிடைக்கவில்லை. 2025 அக்டோபர் 22 முதல் மொசைக் என்ற புது விதி அந்த எடைக் கணக்கை எடுத்துவிட்டது. செஸ்னா 172கூட உள்ளே வந்துவிட்டது. நான்கு இருக்கை இருந்தாலும் கூட ஏற்றிக்கொள்ள ஒருவருக்குத்தான் அனுமதி, இரவில் பறக்கப் பேசிக்மெட்டாவது வேண்டும்.

பகலில் துணையோடு ஒரு சுற்றுப் போய்வருவதுதான் ஆசை என்றால் நான் இன்றைக்கு இதைத்தான் எடுப்பேன். ஒரு கண்ணி மட்டும் இருக்கிறது. மருத்துவச் சான்றுக்கு விண்ணப்பித்து அது மறுக்கப்பட்டால், ஓட்டுநர் உரிமத்தைக் காட்டிப் பறக்கும் இந்த வழியும் அடைபட்டுவிடும். விண்ணப்பிக்காமலே இருந்தவருக்கு அந்தத் தடை இல்லை. மனச்சோர்வு மாத்திரை, ஸ்லீப் ஏப்னியா, ஸ்டென்ட் என்று எது இருந்தாலும், மெட்எக்ஸ்பிரஸ் தந்த எண்ணை ஏஎம்இயிடம் கொடுக்கும் முன் ஆலோசனை கேளுங்கள். ஏஎம்இக்களின் பட்டியல் எஃப்ஏஏ தளத்தில் ஊர்வாரியாக இருக்கிறது. போன் செய்யும்போதே 'கன்சல்டேஷன் மட்டும், பரிசோதனை வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். எல்லா ஏஎம்இயும் அதைச் செய்வதில்லை. மறுத்தால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போங்கள்.