ஒரு பெயர், இரண்டு ஊர்: நெட்ஸ்கேலரில் ஜிஎஸ்எல்பி அமைக்கும்போது

ஜிஎஸ்எல்பி (ஒரே பெயரைத் தேடி வருபவர்களை இரண்டு டேட்டா சென்டரில் ஒன்றுக்கு அனுப்பும் முறை) என்றதும் பலரும் நினைப்பது, இரண்டு டேட்டா சென்டருக்கும் மேலே பெரிய லோட் பேலன்ஸர் ஒன்று உட்கார்ந்து டிராஃபிக்கைப் பிரித்துவிடுகிறது என்று. அப்படி எதுவும் இல்லை. அது ஒரு டிஎன்எஸ் சர்வர். யாராவது பெயரைக் கேட்டால், அந்த நொடியில் எந்த ஊர் உயிரோடு இருக்கிறது என்று பார்த்து அந்த ஊரின் ஐபியைச் சொல்லும். அதோடு அதன் வேலை முடிந்தது. வழி கேட்டவருக்கு வழி சொல்லலாம், அவர் வண்டியை நாம் ஓட்ட முடியாது. இது மனதில் பதிந்தால் கீழே வரும் பாதிச் சிக்கல்களின் காரணம் தானாகப் புரிந்துவிடும்.

இங்கே எடுத்துக்கொள்வது நெட்ஸ்கேலர் என்ற லோட் பேலன்ஸர் பெட்டி, ஊருக்கு ஒன்று. முதன்மை சைட் சென்னை, சிறுசேரி. இரண்டாவது நவி மும்பை. இரண்டுக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் ஆயிரம் கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்பதால், போய்வர மட்டுமே 10 மில்லிசெகண்ட் ஆகும். கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, ஆகவே நடைமுறையில் இன்னும் கூடும். டேட்டாபேஸில் எழுதும் ஒவ்வொரு கமிட்டுக்கும் இந்தத் தாமதத்தைத் தாங்க முடியாது என்றுதான் டேட்டாபேஸ் பிரதியைப் பெரும்பாலும் பின்தொடர்ந்து ஓட விடுகிறார்கள். அதாவது மும்பைப் பிரதி எப்போதும் கொஞ்சம் பின்னால். அதனால் எழுதுவது ஓர் ஊரில் மட்டும், மற்றது காத்திருக்கும். ஜிஎஸ்எல்பி அமைப்பு இந்த ஓர் உண்மைக்கு அடங்கி நடக்க வேண்டும். அடங்காவிட்டால் ஒரே கணக்குக்கு இரண்டு ஊரிலும் எழுத்து விழும்.

பெயரை ஒப்படைப்பது

நம் பெயர் சேவை.எடுத்துக்காட்டு.இந்தியா என்று வைத்துக்கொள்வோம். (பெயரின் டிஎன்எஸ் ரெகார்டுகள் இருக்கும் ஸோன் ஃபைலில் தமிழ்ப் பெயர் ப்யூனிகோடாக, அதாவது ஆங்கில எழுத்து வடிவமாக, மாறித்தான் போகும், இங்கே வாசிக்க எளிதாக இருக்கட்டும்.) இந்தப் பெயரை நேரடியாக நெட்ஸ்கேலரிடம் ஒப்படைக்காதீர்கள். ஜிஎஸ்எல்பி.எடுத்துக்காட்டு.இந்தியா என்று ஒரு கிளை ஸோனை மட்டும் ஒப்படைத்து, சேவை என்ற பெயரை அதற்குள் இருக்கும் பெயருக்கு சிநேம் (மாற்றுப்பெயர்) ஆக்குங்கள். பிறகு எத்தனை பெயர் வந்தாலும் தாய் ஸோனில் ஒரு சிநேம் சேர்த்தால் போதும். ஆனால் உச்சிப் பெயருக்கு, அதாவது முன்னொட்டு இல்லாத எடுத்துக்காட்டு.இந்தியாவுக்கு, இந்த வழி இல்லை. அங்கே எஸ்ஓஏ (ஸோனின் தலைப்பு ரெகார்டு), என்எஸ் (எந்த டிஎன்எஸ் சர்வர் பொறுப்பு என்று சொல்வது) ரெகார்டுகள் ஏற்கெனவே இருக்கின்றன. சிநேம் வேறு ரெகார்டுகளோடு ஒரே பெயரில் இருக்கக்கூடாது என்பது 1987-இல் வந்த ஆர்எஃப்சி 1034 முதலே உள்ள விதி.

தாய் ஸோனில் இரண்டு என்எஸ் ரெகார்டும், அவற்றுக்கான ஏ ரெகார்டும் (பெயருக்கு ஐபி சொல்வது) வேண்டும்: சென்னைக்கு 203.0.113.53, மும்பைக்கு 198.51.100.53. (இவை ஆவணங்களுக்கென ஒதுக்கிய எண்கள், அப்படியே போட்டுவிட வேண்டாம்.) இந்த முகவரிகளில் இரண்டு பெட்டியிலும் ஏடிஎன்எஸ் (வெளியிலிருந்து வரும் டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் சொல்லும்) சர்வீஸ் ஒன்று, ஏடிஎன்எஸ் டிசிபி சர்வீஸ் ஒன்று, இரண்டும் போர்ட் 53. டிசிபியை மறப்பவர்கள் அதிகம். ஃபயர்வால் டீமிடம் "டிஎன்எஸ் திறந்துவிடுங்கள்" என்று மட்டும் சொன்னால் யூடிபி 53 மட்டுமே திறக்கும். பதில் பெரிதாகி வெட்டப்பட்டால் ரிசால்வர் (பயனருக்காகப் பெயரைக் கேட்கும் சர்வர்) டிசிபியில் திரும்ப வரும், கதவு மூடியிருக்கும். எல்லாருக்கும் நன்றாக ஓடி, சில நெட்வொர்க்கில் மட்டும் பெயர் கிடைக்காத புகாரில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: ஐபிவி6 இல்லாத சேவையிலும் க்வாட்-ஏ (ஐபிவி6 முகவரி) கேள்வி வந்துகொண்டேதான் இருக்கும். அதற்குப் பதில் "பெயர் இருக்கிறது, இந்த வகை ரெகார்டு இல்லை" என்பதாக இருக்க வேண்டும். "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று வந்தால், ரிசால்வர் அதைக் கேஷில் வைத்துக்கொண்டு ஏ கேள்விக்கும் இல்லை என்றே சொல்லும். டிக் என்ற டிஎன்எஸ் கேள்விக் கருவியில் இரண்டு ஏடிஎன்எஸ் முகவரியையும் தனித்தனியே கேட்டு இதை உறுதிசெய்யுங்கள்.

சைட்டும் எம்இபியும்

இரண்டு பெட்டியிலும் ஜிஎஸ்எல்பி அம்சத்தை இயக்கி, டிராஃபிக் மேனேஜ்மென்ட், ஜிஎஸ்எல்பி, சைட்ஸ் பக்கத்தில் இரண்டு சைட்டையும் சேர்க்க வேண்டும். சென்னைப் பெட்டியில் சென்னை லோக்கல், மும்பை ரிமோட். மும்பையில் தலைகீழ். சைட் பெயர் இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

சைட்டுகள் பேசிக்கொள்ளும் வழி எம்இபி. பாதுகாப்பு இல்லாமல் டிசிபி 3011, பாதுகாப்போடு 3009. ஆர்பிசி நோடில் (எதிர்ப் பெட்டியோடு பேசுவதற்கான பாஸ்வேர்ட் முதலியவை இருக்கும் அமைப்பு) செக்யூர் குறியை இட்டு 3009-ஐ இரு திசையிலும் திறந்துவிடுங்கள். எம்இபி டவுன் என்றே காட்டிக்கொண்டிருந்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: ஆர்பிசி பாஸ்வேர்ட் இரு பக்கமும் ஒத்துப்போகவில்லை, ஒரு பக்கம் மட்டும் செக்யூர், அல்லது பாக்கெட் கிளம்பும் ஐபி ஃபயர்வாலில் எழுதிய ஐபி இல்லை. சைட்டின் நிலவர எண்களை எம்இபி நொடிக்கு ஒருமுறை பரிமாறும். ஆர்டிடி (போய்வரும் நேரம்) அளவும் பெர்சிஸ்டென்ஸ் (ஒரு பயனரை ஒரே சைட்டில் வைத்திருப்பது) விவரமும் 5 விநாடிக்கு ஒருமுறை.

கான்ஃபிக் சிங்க் (ஒரு பெட்டியின் ஜிஎஸ்எல்பி அமைப்பை மற்றதற்கு நகலெடுப்பது) பற்றி ஓர் எச்சரிக்கை. சிங்க் கொடுத்த பெட்டியில் இருப்பதே சட்டம். எதிர்ப்பக்கத்தில் மட்டும் இருக்கும் ஜிஎஸ்எல்பி கான்ஃபிக் போய்விடும். ஏடிஎன்எஸ் சர்வீஸ், லோட் பேலன்ஸிங் வி-சர்வர் (பெட்டிக்குள் அமைக்கும் மெய்நிகர் சர்வர்) போன்றவை சிங்கில் போகாது, அவற்றை அந்தந்தப் பெட்டியில் கையால்தான் அமைக்க வேண்டும். எந்தப் பெட்டியிலிருந்து சிங்க் என்பதை முதல் நாளே முடிவுசெய்து, மற்றதில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்வதே நல்லது.

யார் இறந்தார் என்று யார் சொல்வது

இந்த அமைப்பு நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

ஜிஎஸ்எல்பி சர்வீஸ் என்பது அந்தந்த ஊர் லோட் பேலன்ஸர் விஐபியின் (பயனர் தொடும் ஐபி) நிழல்: சென்னை 203.0.113.10, மும்பை 198.51.100.10. மானிட்டர் (சர்வீஸ் உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது தட்டிப் பார்ப்பது) எதுவும் கட்டாமல் விட்டால், எதிர் ஊர் சர்வீஸின் நிலையை எம்இபிதான் சொல்லும். எம்இபி அறுந்தால் எதிர் ஊர் சர்வீஸ் டவுன் ஆகிவிடும். இப்போது எம்இபி, இரண்டு ஊருக்கும் இடையிலான எம்பிஎல்எஸ் என்ற தனியார் லிங்கில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கோ ரோடு வெட்டும்போது அந்த ஃபைபரும் வெட்டுப்பட்டது. சென்னை நலமாக இருக்கிறது, இன்டர்நெட்டும் நன்றாக வருகிறது. ஆனால் மும்பைப் பெட்டிக்குச் சென்னை இறந்துவிட்டது. ரிசால்வர்கள் இரண்டு ஏடிஎன்எஸ்ஸையும் மாறிமாறிக் கேட்பவை. ஆகவே சென்னையைக் கேட்டவருக்குச் சென்னை ஐபி, மும்பையைக் கேட்டவருக்கு மும்பை ஐபி. இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் எழுத்து.

எதிர்த்திசையிலும் யோசியுங்கள். எம்பிஎல்எஸ் நன்றாக இருக்கிறது, சென்னையின் இன்டர்நெட் மட்டும் போய்விட்டது. சென்னை விஐபி உள்ளே அப்; எம்இபியும் அதையே மும்பைக்குச் சொல்கிறது. மும்பை ஏடிஎன்எஸ், யாராலும் தொட முடியாத சென்னை ஐபியைச் சிரத்தையாகக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து: எம்இபி தனியார் லிங்கில் ஓடட்டும், சர்வீஸின் உயிரை மானிட்டர், பயனர் வரும் வழியான இன்டர்நெட் வழியே பார்க்கட்டும். ஊருக்கு ஓர் எச்டிடிபிஎஸ் மானிட்டர் அமைத்து, இலக்கு முகவரியாக அந்த ஊரின் பொது ஐபியை எழுதுங்கள். எதிர் ஊர் பொது ஐபிக்கு இன்டர்நெட் ரவுட்டர் வழியாக ஸ்டாட்டிக் ரவுட் போடுங்கள். இல்லையென்றால் டைனமிக் ரவுட்டிங் புத்திசாலித்தனமாக அதை எம்பிஎல்எஸ்ஸில் திருப்பிவிடும். சைட்டில் ட்ரிகர் மானிட்டர் என்ற அமைப்பு உண்டு. மூன்று விருப்பம்: எப்போதும், எம்இபி டவுன் ஆனால், எம்இபி டவுன் ஆனாலோ சர்வீஸ் டவுன் ஆனாலோ. பலர் இரண்டாவதை எடுக்கச் சொல்வார்கள். அதில் முதல் விபத்து தீரும், இரண்டாவது விபத்து அப்படியே இருக்கும், ஏனென்றால் அங்கே எம்இபி அறுவதே இல்லை. "எப்போதும்" என்று வையுங்கள். மும்பையின் சொந்த இன்டர்நெட் போய், சென்னை டவுன் என்று அது தவறாக நினைத்தாலும் கெடுதல் இல்லை. அந்த நேரத்தில் மும்பை ஏடிஎன்எஸ்ஸை வெளியிலிருந்து யாரும் கேட்கவே முடியாது.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. சிங்க் ஆனதும் சென்னைப் பெட்டியும் தன் பொது ஐபியையே மானிட்டர் செய்யத் தொடங்கும். விஐபி ஃபயர்வாலுக்குப் பின்னால் நேட்டில் (வெளி ஐபியை உள் ஐபியாக மாற்றும் முறை) இருந்தால், உள்ளிருந்து கிளம்பி வெளி முகவரியைத் தொட்டு மறுபடி உள்ளே திரும்பும் வழியைச் சில ஃபயர்வால் அனுமதிக்காது. உடனே சென்னை தன்னையே டவுன் என்று குறித்துக்கொண்டு மும்பை ஐபியைக் கொடுக்கும். மாற்றம் செய்த அன்றே இரண்டு பெட்டியிலும் இரண்டு சர்வீஸின் நிலையையும், ஆக நான்கு வரிகளை, கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், இரண்டு ஐஎஸ்பிக்கு இடையே பீரிங் (நேரடி இணைப்பு) கெட்டு, உலகத்துக்குத் தெரியும் சென்னை மும்பைக்கு மட்டும் தெரியாமல் போகலாம். டிஎன்எஸ்ஸால் இதைத் தீர்க்க முடியாது, தீர்வு அப்ளிகேஷனில்தான். மும்பையின் ஹெல்த் பக்கம் (மானிட்டர் தட்டிப் பார்க்கும் பக்கம்), தன் டேட்டாபேஸ் முதன்மையாக உயர்த்தப்படும் வரை 503 (சேவை இல்லை என்ற பதில்) தரட்டும். ஜிஎஸ்எல்பி எவ்வளவு குழம்பினாலும் தயாராகாத ஊருக்கு யாரையும் அனுப்பாது. ஃபெயிலோவரைத் தொடங்கும் அதிகாரம் டேட்டாபேஸிடம் போய்விடுகிறது. இருக்க வேண்டிய இடமும் அதுதான்.

வி-சர்வர்

இங்கே வேலை குறைவு. சென்னை சர்வீஸ் மட்டும் கட்டிய முதன்மை வி-சர்வர். டொமைன் பெயர் அதில்தான். மும்பை சர்வீஸ் கட்டிய இன்னொன்று, அதற்கு பேக்கப் வி-சர்வர். எல்லாமே டவுன் ஆனால் நெட்ஸ்கேலர் வழக்கமாக, கட்டியிருக்கும் சர்வீஸ்களின் ஐபியையே சொல்லிவிடும். இடிஆர் என்ற விருப்பத்தை இயக்கினால் ஐபி எதுவும் இல்லாத வெறும் பதில் போகும். இந்த வகை அமைப்பில் இடிஆரை இயக்காமல் விடுவதே என் கட்சி. மானிட்டர் தவறாக நினைத்திருந்தால் பயனருக்கு ஒரு வாய்ப்பாவது இருக்கும். வெறும் பதிலோ, எஸ்ஓஏவில் சொன்ன நேரம் வரை ரிசால்வர் கேஷில் தங்கிவிடும்.

சென்னை திரும்பி எழுந்ததும் முதன்மை வி-சர்வர் தானாகவே மறுபடி பொறுப்பேற்கும். அங்கேதான் பழைய டேட்டா இருக்கிறது. ஆகவே ஃபெயிலோவர் நடந்ததும் முதல் வேலை, சென்னையின் ஹெல்த் பக்கத்தையும் 503-க்கு மாற்றிப் பூட்டுவது. பிரதி எதிர்த்திசையில் ஓடி முடிந்த பிறகு திறக்கலாம்.

நேரக் கணக்கு

மானிட்டர் 5 விநாடிக்கு ஒருமுறை, தொடர்ந்து மூன்று தோல்வி, பதிலுக்குக் காத்திருப்பது 2 விநாடி. டவுன் என்று தெரிய சுமார் 17 விநாடி. டிடிஎல் (பதிலைக் கேஷில் வைத்திருக்கலாம் என்று நாம் சொல்லும் நேரம்) 30 விநாடி என்றால், சொன்ன பேச்சைக் கேட்கும் ரிசால்வருக்கு மொத்தம் ஒரு நிமிடத்துக்குள். டிடிஎல்லை 5-க்கு இறக்கினாலும் பெரிய லாபம் இல்லை, கேள்விகள்தான் பல மடங்காகும்.

பேச்சைக் கேட்காதவர்கள் நம் வீட்டிலேயே இருப்பார்கள். ஜாவா, பழைய பதிப்பில் செக்யூரிட்டி மேனேஜர் இருந்தால் ஒருமுறை கிடைத்த ஐபியைப் ப்ராசஸ் சாகும் வரை வைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் 30 விநாடி. என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் ப்ராக்ஸி பாஸ் வரியில் பெயரை நேரடியாக எழுதியிருந்தால், தொடங்கும்போதோ ரீலோடிலோ மட்டும்தான் அதைத் தேடும். ரிசால்வர் வரி சேர்த்து, பெயரை வேரியபிளில் வைத்தால் சரியாகும். ஏற்கெனவே திறந்திருக்கும் டிசிபி இணைப்புகளோ டிஎன்எஸ்ஸைக் கேட்பதே இல்லை. திட்டமிட்ட மாற்றத்தில் சென்னை சர்வர்களை நிறுத்தும் வரை அவை அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

படங்கள், ஸ்டாட்டிக் ஃபைல்கள் போன்றவற்றை இரண்டு ஊரிலிருந்தும் தரலாம்; அதற்கு ஸ்டாட்டிக் ப்ராக்ஸிமிட்டி, அதாவது ஐபியின் இடத்தை வைத்து அருகிலுள்ள ஊரைத் தேர்வது. ஆனால் பெட்டி பார்ப்பது பயனரின் ஐபியை இல்லை, அவருக்காகக் கேட்கும் ரிசால்வரின் ஐபியை. மதுரையில் இருப்பவரின் மொபைல் நெட்வொர்க் ரிசால்வர் மும்பையில் இருந்தால் அவரும் மும்பைக்காரர்தான். 2016-இன் ஆர்எஃப்சி 7871 சொல்லும் ஈசிஎஸ்ஸை வி-சர்வரில் இயக்கினால் கொஞ்சம் சரியாகும்: கூகுளின் 8.8.8.8 பயனரின் சப்நெட்டைச் சேர்த்து அனுப்பும், கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 அனுப்பாது. ஆர்டிடி முறை ரிசால்வரையே பிங் செய்து அளக்கப் பார்க்கும். பதில் தராத ரிசால்வர்கள் ஏராளம் என்பதால் அதை நம்பி இறங்க வேண்டாம்.

ஒத்திகையில் சென்னை பவரை அணைத்துப் பார்ப்பது எளிது, கிட்டத்தட்ட எல்லா அமைப்பும் அதில் தேறிவிடும். எம்பிஎல்எஸ்ஸை மட்டும் வெட்டி ஐந்து நிமிடம், சென்னை இன்டர்நெட்டை மட்டும் வெட்டி ஐந்து நிமிடம், மும்பை இன்டர்நெட்டை மட்டும் வெட்டி ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வெளி நெட்வொர்க் ஒன்றிலிருந்து இரண்டு ஏடிஎன்எஸ்ஸையும் தனித்தனியே கேட்டு, வரும் ஐபியை நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். எம்பிஎல்எஸ் வெட்டில் இரண்டும் வேறுவேறு ஐபி சொன்னால், ஸ்டாட்டிக் ரவுட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.