பெண்களுக்கு ஆசை குறையும்போது: டாக்டரிடம் போவது முதல் மருந்தை நிறுத்துவது வரை

டாக்டர் முன் உட்கார்ந்ததும் பலர் சொல்வது "எப்பவும் களைப்பா இருக்கு" என்பதுதான். பேச வந்த விஷயம் எழுந்து போகும்போது கதவருகில்தான் வாயில் வரும். அதற்குக் கிடைப்பது அரை நிமிடப் பதில். அதனால் நேரம் வாங்கும்போதே "உடலுறவில் விருப்பம் குறைந்துவிட்டது, அதைப் பற்றிப் பேச வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள்.

கையோடு ஒரு தாள் கொண்டுபோங்கள். எப்போதிலிருந்து குறைந்தது, அதற்கு முன் எப்படி இருந்தது, தனியாக இருக்கும்போதோ கனவிலோகூட ஆசை எழுவதில்லையா, உறவின்போது வலி உண்டா, இது உங்களை எவ்வளவு வருத்துகிறது (பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்) ஆகியவற்றை எழுதுங்கள். கடைசி வரிதான் முக்கியம். குறைபாடு என்று சொல்ல, பொதுவாக ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். அது அந்தப் பெண்ணை வருத்தவும் வேண்டும். கணவருக்கு மட்டும் வருத்தம் என்றால் அது நோயல்ல, இருவரும் பேசித் தீர்க்க வேண்டியது. தானாக ஆசை எழாமல், நெருக்கம் தொடங்கிய பிறகு எழுவதும் இயல்பே. இதை விளக்கிச் சொன்னதுமே பாதி பாரம் இறங்கிவிடுபவர்கள் உண்டு.

தாளின் பின்பக்கம் நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அளவோடு எழுதுங்கள். பல நேரம் விடை அங்கேதான் இருக்கிறது. மனச்சோர்வுக்கான பராக்ஸெடின், செர்ட்ராலின், ஃபுளுவாக்ஸெடின், பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினை ஏற்றிவிடும் மனநோய் மருந்தான ரிஸ்பெரிடோன், ஓபியாய்டு (மார்ஃபின் வகை) வலி மாத்திரைகள், சிலருக்குக் கருத்தடை மாத்திரை ஆகியவை ஆசையைக் குறைக்கக்கூடியவை. மனச்சோர்வே ஆசையைக் கெடுக்கும் என்பதால் மாத்திரை தொடங்கிய தேதியையும் ஆசை குறைந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் யார் குற்றவாளி என்று தெரியும். தெரிந்துவிட்டது என்று மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள். பராக்ஸெடினைச் சட்டென்று விட்டால் தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோல் இருக்கும், கிறுகிறுக்கும், பழைய நோயும் திரும்பலாம். டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது மனச்சோர்வுக்கான இன்னொரு மருந்தான புப்ரோபியான் சேர்ப்பார், இல்லை அதற்கே மாற்றுவார். வலிப்பு வந்தவர்களுக்கும் உணவுண்ணல் கோளாறு (பட்டினி கிடப்பது, அளவுமீறித் தின்று வாந்தியெடுப்பது போன்றவை) உள்ளவர்களுக்கும் புப்ரோபியான் கூடாது. மார்பகப் புற்றுநோய்க்கு டாமாக்ஸிஃபென் சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதன் வேலையைப் புப்ரோபியான் மட்டுப்படுத்தும்.

வலி இருந்தால் ஆசையை அப்புறம் பார்க்கலாம். வலிக்கும் என்று தெரிந்த காரியத்தில் உடம்பு எப்படி ஆசைப்படும்? மாதவிடாய் நின்ற பிறகும் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் ஈஸ்ட்ரோஜன் குறைந்து யோனி வறண்டு போகும். வழவழப்பு ஜெல் போதாவிட்டால், மாதவிடாய் நின்றவர்களுக்கு 10 மைக்ரோகிராம் எஸ்ட்ராடியால் மாத்திரையை யோனிக்குள் வைக்கச் சொல்வார்கள்: முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை. நான்கு நாளில் பலன் இல்லை என்று விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. தோல் தேறச் சில வாரங்கள் ஆகும்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு, புரோலாக்டின், ஹீமோகுளோபின், சர்க்கரை பார்ப்பார்கள். டெஸ்டோஸ்டிரோன் (ஆண்களுக்கு அதிகமாகவும் பெண்களுக்குக் கொஞ்சமாகவும் சுரக்கும் ஹார்மோன்) அளவை வைத்து ஆசைக் குறைவைக் கண்டுபிடிக்க முடியாது. டெஸ்டோஸ்டிரோனையே மருந்தாகக் கொடுப்பதாக இருந்தால், பின்னால் ஒப்பிடத்தான் அந்த அளவு முன்கூட்டியே தேவை.

காரணம் எதுவும் அகப்படாதபோதுதான் மருந்துக்கு வருகிறோம். கவுன்சலிங்கும் கூடவே நடக்கலாம். ஊடுருவலுக்குத் தற்காலிகத் தடை போட்டுவிட்டு, தொடுதலில் மட்டும் கவனம் வைக்கும் பயிற்சி கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் நன்றாகவே வேலை செய்யும்.

ஃபிளிபான்செரின் 2015இல் அமெரிக்காவில் மாதவிடாய் நிற்காத பெண்களுக்கென்று அனுமதி பெற்ற மாத்திரை. தினமும் 100 மி.கி., படுக்கப் போகும்போது மட்டும். பகலில் போட்டால் தூக்கமும் ரத்த அழுத்தச் சரிவும் ஆளைச் சாய்த்துவிடும். மதுவோடு சேர்ந்தால் மயக்கமே வரலாம். அதிகம் பேர் கோட்டைவிடுவது ஃபுளுகோனசோல் விஷயத்தில்: வெள்ளைப்படுதலுக்கு யாரோ எழுதித் தரும் அந்த ஒற்றை மாத்திரை ஃபிளிபான்செரினின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு ஃபிளிபான்செரின் வேண்டாம். பலனும் பிரமாதம் என்று சொல்ல முடியாது. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால், திருப்தியான உறவு மாதத்துக்குச் சுமார் ஒன்றோ அதற்கும் குறைவாகவோதான் கூடுகிறது.

பிரெமெலனோடைடு, 2019இல் அமெரிக்காவில் மாதவிடாய் நிற்காத பெண்களுக்கென்று அனுமதி பெற்ற ஊசி. 1.75 மி.கி., வயிற்றிலோ தொடையிலோ, உறவுக்குக் குறைந்தது 45 நிமிடம் முன்பாகத் தானே போட்டுக்கொள்வது. ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் கூடாது, மாதத்துக்கு எட்டைத் தாண்ட வேண்டாம். பத்தில் நான்கு பேருக்குக் குமட்டும். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்குக் கிடையாது. முகமும் ஈறும் கறுக்கலாம், கறுப்பு நிறத்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக. நிறுத்திய பிறகும் சிலருக்கு அது போவதில்லை.

மாதவிடாய் நின்றவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் பூச்சுக்குத்தான் ஆதாரம் வலு. பெண்களுக்கான கிரீம் கிடைக்காத இடங்களில் ஆண்களுக்கான ஜெல்லையே எழுதித் தருவார்கள். 50 மி.கி. டியூபில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 5 மி.கி., ஒரு நாளைக்கு. ஒரு டியூப் பத்து நாள் வர வேண்டும். ஐந்தாம் நாளே தீர்ந்தால் இரட்டை அளவு போகிறது என்று அர்த்தம். தொடையிலோ அடிவயிற்றிலோ தடவி, உலரவிட்டு, கையைக் கழுவுங்கள். ஒரே இடத்தில் தடவினால் அங்கே முடி முளைக்கும். குழந்தைகள் அந்த இடத்தில் உரசக் கூடாது. மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் ரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும். பருவும் முடியும் அளவைக் குறைத்தால் தணியும். குரல் கட்டைபட்டால் திரும்பாமலே போகலாம். ஊசியாகவோ தோலுக்கடியில் வைக்கும் குளிகையாகவோ வேண்டாம், அளவு எகிறிவிட்டால் இறக்க வழியில்லை.

எதைத் தொடங்கினாலும் நிறுத்தும் தேதியையும் அன்றே குறித்துவிடுங்கள்: ஃபிளிபான்செரினுக்கும் பிரெமெலனோடைடுக்கும் எட்டு வாரம், டெஸ்டோஸ்டிரோனுக்கு ஆறு மாதம். அந்த நாளில் முதல் தாளை எடுத்து, வருத்தத்துக்கு அன்று எழுதிய எண்ணின் பக்கத்தில் இன்றைய எண்ணை எழுதுங்கள். எத்தனை முறை உறவு நடந்தது என்ற கணக்கைவிட இது உண்மையைச் சொல்லும். எண் இறங்கவில்லையென்றால் மருந்தை நிறுத்திவிடலாமா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.