எவ்வளவு இறக்கலாம்?

காரைக்குடியில ஃபோக்ஸ்வாகன் போலோ கார் வச்சிருக்கிற தம்பிங்க, வண்டிய தரைக்குக் கிட்ட இறக்குற ஆசையில முதல்ல கேக்கறது, "அண்ணே, எவ்வளவு இறக்கலாம்?"

போலோவுக்கு முன்னாடி மேக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் டேம்பரும் (ஷாக் அப்சார்பர்) ஒரே தூணா இருக்கிற சஸ்பென்ஷன். இந்த மாதிரி வண்டிய ரொம்ப இறக்கினா, சக்கரத்த வண்டியோட இணைக்கிற கீழ் ஆர்ம் சக்கரப் பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும். வண்டியோட எடை மையம் இறங்குறதவிட ரோல் சென்டர் (வளைவுல வண்டி எந்தப் புள்ளியச் சுத்திச் சாயுதோ அது) அதிகமா இறங்கிடும்; ரெண்டுக்கும் நடுவுல தூரம் கூடிடும். பார்க்க கெத்தா இருக்கும், ஆனா அதே ஸ்பிரிங் வலுவுக்கு வளைவுல முன்னைவிட சாயப் பார்க்கும். ஸ்பிரிங்கை வெட்டிட்டு பழைய டேம்பரோட ஓட்டுறதப் பத்திப் பேசவே வேணாம்.

25, 30 மி.மீ. போதும், அதுக்கேத்த டேம்பரோட. சக்கரத்தோட சாய்வ மாத்துற கேம்பர் பிளேட் போட்டா முன்னாடி நெகட்டிவ் ஒன்றரை டிகிரி (சக்கரத்தோட மேல்பக்கம் உள்ள சாஞ்சிருக்கும்), டோ (மேலேருந்து பார்த்தா சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கிற அளவு) பூஜ்யத்த ஒட்டி. திருமயம் ரோட்டுக்கு என் கணக்கு இதுதான்.

17 இஞ்ச் சக்கர ஆசைய விடுங்க. 15-லயே எடை கம்மியான அலாயும் நல்ல டயரும் போடுங்க. 185/60 டயருக்குப் பதிலா 195/55 போட்டா (முதல் எண் அகலம் மி.மீ.ல, ரெண்டாவது அந்த அகலத்துல பக்கச்சுவர் உயரம் எத்தனை சதவீதம்னு) விட்டம் 7.5 மி.மீ. தான் குறையும். காத்து காலையில, டயர் சூடாகுறதுக்கு முன்னாடி பாருங்க.

அப்புறம், வீட்ல ஆச்சி இருந்தா டேம்பர்ல கிளிக் அட்ஜஸ்ட் (திருகி இறுக்கத்தக் கூட்டிக் குறைக்கிற வசதி) இருக்கறதா வாங்குங்க. குன்றக்குடி போய் வந்ததும் எங்க ஆச்சி சொன்னது: "மாட்டு வண்டியே தேவலைடா!"