புளியரை இறக்கமும் பிரேக் ஆயிலும்

போர்ஷே 911, கேமன்னு ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கிறவங்க குதிரைசக்தியைப் பேசுற நேரத்துல பாதியை பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கலாம். திருநெல்வேலி–தென்காசி ரோட்டுல அதோட குறை தெரியாது. செங்கோட்டை பக்கம் மலையில, கோட்டைவாசல்ல இருந்து புளியரை எஸ் வளைவுல இறங்கும்போது, அதுவும் லாரிக்குப் பின்னால மாட்டிக்கிட்டா, தெரிஞ்சிரும்.

டாட்ங்கிறது பிரேக் ஆயிலோட தர வகை. டாட் 4 ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் தண்ணி உறிஞ்சிட்டா அந்த வரம்பு 155. டாட் 5.1-க்கு புதுசுல 260, தண்ணி உறிஞ்சினா 180. கொதிச்சா ஆவிக்குமிழ் வரும், குமிழ் அமுங்கும், பெடல் தரைக்குப் போயிரும். பெடல் கெட்டியா இருந்தும் வண்டி நிக்கலைன்னா அது பிரேக் பேட் (டிஸ்க்கைக் கவ்வுற கட்டை) சூடாகி பிடிப்பு விட்டது. ஆயில் மேல பழி போடாதீங்க அண்ணாச்சி.

ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை ஆயில் மாத்துற கணக்கு சும்மா ஓட்டுறவங்களுக்கு. அடிக்கடி மலை ஏறி இறங்குறவங்க வருஷா வருஷம் மாத்துங்க. சீல் உடைக்காத டப்பாதான் வேணும். போன தடவை மிச்சம் வச்சதைத் தொடாதீங்க. பழைய ஆயிலை வெளியேத்தும்போது ஒருத்தர் பெடலை அமுக்கிப் பிடிக்க, இன்னொருத்தர் நிப்பிளை (ஆயில் வெளியேறுற திருகு) திறந்து மூடின பிறகுதான் காலை எடுக்கணும். முந்தினா காத்து உள்ளே போயிரும். ஃபிக்ஸட் காலிப்பர்ல (ரெண்டு பக்கமும் பிஸ்டன் வச்சு பேடை அமுக்குற, நகராத பாகம்) உள்பக்கம், வெளிப்பக்கம்னு ரெண்டு நிப்பிள் இருந்தா ரெண்டையும் திறக்கணும். பல கடையில உள்பக்கத்தை விட்டுருவாங்க. பெயின்ட்ல பட்டா உடனே தண்ணி ஊத்துங்க. சிலிக்கான் டாட் 5 பக்கமே போகாதீங்க, இதோட கலக்காது.

இறக்கத்துல பிடிகே-வை (போர்ஷேவோட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) மேனுவல்ல போட்டு ரெண்டாவது கியர். பிரேக்கைத் தேய்ச்சுக்கிட்டே வராம, அழுத்திக் குறைச்சு விட்டுருங்க.