செக்யூரிட்டி நோட்டிலேயே தொடங்கிவிடும் இன்டர்வியூ

கடலூர் சிப்காட்டில் கெமிக்கல் கம்பெனி வாசலுக்குப் போனால் முதலில் ஒரு நீளமான நோட்டை நீட்டுவார்கள். பெயர், ஊர், யாரைப் பார்க்க வேண்டும், வந்த நேரம், செல்போன் எண், கையெழுத்து. இன்டர்வியூவுக்கு வருகிறவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். பேனா இருக்காது. ‘யாரைப் பார்க்க’ என்ற கட்டத்தில் வெறும் ‘எச்.ஆர்.’ என்று எழுதுவார்கள். செக்யூரிட்டி உள்ளே போன் போட்டு, “சார், இன்டர்வியூன்னு ஒரு பையன் வந்திருக்கான், யாரைப் பார்க்கணும்னு தெரியலைங்கறான்” என்று சொல்வார். உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே உள்ளே இருப்பவர் மனசில் ஒரு படம் விழுந்துவிடும்.

முதல் பார்வை பற்றிய ஆராய்ச்சிகளில் அடிக்கடி சொல்லப்படுவது 2006இல் வில்லிஸ், டோடரோவ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் செய்தது. ஒரு முகத்தை வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே, நம்பலாமா, திறமைசாலியா என்று ஆட்கள் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நிதானமாகப் பார்த்துச் சொல்பவர்களின் முடிவும் பெரும்பாலும் அதையே ஒட்டிப் போகிறது. அந்தத் துளி நேரத்தை நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வேலைக்கு ஆள் எடுப்பவர் முகத்தோடு நிறுத்துவதில்லை. இந்த ஆள் நாளைக்கே வந்து சேர்ந்தால் நமக்குத் தலைவலி கூடுமா குறையுமா என்று ஒரு கணக்குப் போடுவார். அந்தக் கணக்குக்கு வேண்டியதை எல்லாம் நீங்கள் கொண்டுபோக முடியும்.

இடையில் ஒன்று. சாஃப்ட் ஸ்கில் வகுப்புகளில், பேச்சுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி 93ம் உடல்மொழியும் குரலும் என்று பலகையில் எழுதிப் போடுவார்கள். அது மெஹ்ரேபியன் என்ற உளவியலாளர் 1967இல் செய்த சோதனைகளிலிருந்து வந்த எண். ஒற்றைச் சொல்லைப் பல குரலில், பல முகபாவத்தில் காட்டி, பேசுபவருக்கு நம்மைப் பிடிக்கிறதா இல்லையா என்று கேட்ட சோதனைகள் அவை. வேலை இன்டர்வியூவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பதில் தெரியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தால் 93 மார்க் வராது.

இங்கே சொல்வதெல்லாம் தனியார் வேலைக்கு. மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கும் கெசட்டட் அல்லாத குரூப் பி பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வே கிடையாது.

முதல் போன் வரும்போதே தொடங்குங்கள். வேலைக்கு விண்ணப்பித்திருக்கும் நாட்களில் தெரியாத எண்ணை எடுத்து “யாரு?” என்று அதட்ட வேண்டாம். “வணக்கம்” என்று சொல்லிப் பெயரைச் சொன்னால் போதும். நான்கு விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: தேதியும் நேரமும், எந்த யூனிட் எந்த கேட், வாசலில் யார் பெயரைச் சொல்ல வேண்டும், என்னென்ன சர்டிஃபிகேட். பிறகு அதே எண்ணுக்கு ஒரு வரி: “நாளை காலை 10 மணிக்கு யூனிட் 2 மெயின் கேட்டில் இருப்பேன், நன்றி.” இதை அனுப்புகிறவர்கள் குறைவு. அதனாலேயே பெயர் நினைவில் நிற்கும்.

யூனிட்டைக் கேட்கச் சொல்வது சும்மா இல்லை. ‘பாண்டியில் இன்டர்வியூ’ என்றால் அது மூன்று திசை. சேதராப்பட்டு மயிலம் சாலையில், திருபுவனை விழுப்புரம் சாலையில், கிருமாம்பாக்கம் கடலூர் சாலையில். ஒரே கம்பெனிக்கு ஊருக்குள் அலுவலகமும் வெளியே தொழிற்சாலையும் இருக்கும். ஊருக்குள்ளும் சிக்கல் உண்டு. கடிதத்தில் லால் பகதூர் சாஸ்திரி வீதி என்று இருக்கும். ஆட்டோக்காரரிடம் புஸ்ஸி வீதி என்றால் சட்டென்று புரியும்.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே 20 கிலோமீட்டருக்குச் சற்றே மேல்தான். இந்தக் குறைந்த தூரம்தான் ஆளைக் கவிழ்க்கும். ‘முக்கால் மணி நேரம்தானே’ என்று கிளம்பினால் அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், இந்திரா காந்தி சிலை என்று ஒவ்வொன்றாக நிற்க வைக்கும். சனிக்கிழமை என்றால் டூரிஸ்ட் வண்டிகளும் சேரும். 10 மணி இன்டர்வியூவுக்கு 9.20க்கு அந்த ஏரியாவில் இருக்கிற மாதிரி கிளம்புங்கள். பாண்டியிலிருந்து சிப்காட் போகிறவர்கள் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சிதம்பரம் பக்கம் போகும் பஸ் ஏற வேண்டும். எல்லா பஸ்ஸும் சிப்காட்டில் நிற்காது, ஏறும் முன்பே கண்டக்டரிடம் கேளுங்கள். டீக்கடையில் உட்கார்ந்து முகம் கழுவி, 9.40க்கு கேட். நோட்டு, பாஸ், உள்ளே போன் என்று பத்து நிமிஷம் போய்விடும். அதற்காக 9 மணிக்கே உள்ளே போய் உட்காரவும் வேண்டாம். உங்களை எங்கே உட்கார வைப்பது என்று அவர்கள் திண்டாடுவார்கள்.

தாமதம் ஆகும் என்று தெரிந்தால் குறித்த நேரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். “பஸ் அரியாங்குப்பத்துல நிக்குது சார், 10.20க்கு வந்துடுவேன்.” காரணம் ஒரு வரி, நேரம் துல்லியமாக. 10.10க்குக் கூப்பிட்டு “வந்துகிட்டே இருக்கேன் சார்” என்பது தகவலே இல்லை.

இந்தக் கடற்கரைப் புழுக்கத்தில் உடை விஷயம் பாதி வியர்வை விஷயம்தான். வெளிர் நீலமும் சாம்பலும் வியர்வையைப் படம் போட்டுக் காட்டும். வெள்ளையிலும் அடர்ந்த நீலத்திலும் அவ்வளவு தெரியாது. உள்ளே பருத்தி பனியன் கட்டாயம். கைக்குட்டை இரண்டு: ஒன்று முகத்துக்கு, ஒன்று உள்ளங்கையை உலர்த்த. பைக்கில் வந்தால் ஹெல்மெட் தலையை அப்பளமாக்கியிருக்கும், சின்னச் சீப்பு வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஷூவைப் பையில் வைத்துச் செருப்போடு வந்து, கேட்டுக்கு முன்னால் மாற்றுங்கள். புது ஷூவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போடுவது வேண்டவே வேண்டாம். நொண்டிக்கொண்டு உள்ளே போவீர்கள்.

கெமிக்கல், மருந்துத் தொழிற்சாலை என்றால் உடைக்கு வேறு அர்த்தமும் உண்டு. சால்வென்ட், அதாவது எளிதில் தீப்பற்றும் கரைப்பான் புழங்கும் இடத்தில் பாலியஸ்டர், நைலான் துணி உரசி நிலைமின்சாரம் சேரும், சின்னப் பொறி போதும். தீப்பிடித்தால் அந்தத் துணி உருகித் தோலில் ஒட்டும். பருத்திச் சட்டையில் வந்தவரைப் பார்த்ததும் பிளான்ட் மேனேஜருக்கு ஒரு திருப்தி வரும். செருப்போடு வந்தால் பிளான்ட்டுக்குள் விடவே மாட்டார்கள். தாடி இருந்தால் மூச்சுக் கவசம் முகத்தில் பொருந்தாமல் காற்று கசியும், ஆகவே புரொடக்‌ஷன் வேலைக்கு மழித்த முகம் நல்லது. மருந்து, உணவுப் பொருள் தயாரிக்கும் இடங்களில் மோதிரம், வளையல், நெயில் பாலிஷ், தலையில் பூ எதுவும் உள்ளே போகாது. விபூதி குங்குமத்தோடு இன்டர்வியூவுக்கு வருவதில் தவறில்லை. உற்பத்திப் பகுதிக்குள் போகும்போது துடைக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் துடைக்க வேண்டும். தீப்பெட்டி, லைட்டர் இருந்தால் செக்யூரிட்டி கேட்கும் முன்பே எடுத்துக் கொடுங்கள்.

சில இடங்களில் பேசுவதற்கு முன் பிளான்ட்டைச் சுற்றிக் காட்டுவார்கள். சுற்றுலா என்று நினைத்துவிடாதீர்கள், பக்கத்தில் நடப்பவர் உங்களைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறார். ஹெல்மெட் கொடுத்தால் தாடைப் பட்டையையும் மாட்டுங்கள். தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோடுகளுக்குள் நடங்கள். படியில் கைப்பிடியைப் பிடித்தபடி ஏறி இறங்குங்கள். வால்வு, ஸ்விட்ச் எதையும் தொடாதீர்கள். “அசெம்பிளி பாயின்ட் எங்கே சார்?” என்று, ஆபத்து நேரத்தில் எல்லோரும் கூட வேண்டிய இடத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால், பத்து நிமிஷம் சேஃப்டி பற்றி மேடைப் பேச்சு பேசியதைவிட அது எடுபடும்.

ஃபைலில் மேலே ரெஸ்யூம் மூன்று பிரதி. எதிரே மூன்று பேர் இருந்து, ஒரே பிரதியை அவர்கள் மாற்றி மாற்றிப் பார்த்தால் கேள்விகள் தறிகெட்டுப் போகும். அதன் கீழ் கடைசியாகப் படித்த சர்டிஃபிகேட், பிறகு பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு, ஆதார், நான்கு போட்டோ. ஒரிஜினல் ஒரு கவரில், ஜெராக்ஸ் வேறு கவரில். நம் ஊரில் அடிக்கடி மாட்டுவது பெயர்தான்: மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பேங்க் பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. கேட்டால் “அது ஏதோ தப்பா வந்துடுச்சு சார்” என்று இழுக்காமல், எது சரி, எதைத் திருத்த மனு கொடுத்திருக்கிறீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லத் தயாராக இருங்கள்.

கதவைத் தட்டி, “உள்ளே வரலாமா சார்?” உட்காரச் சொல்லும் வரை நிற்கலாம். அவர் பேப்பரில் மூழ்கியிருந்தால் நீங்களே “உட்காரலாமா சார்?” என்று கேட்டுவிடுங்கள். நாற்காலியை இழுக்காமல் தூக்கி நகர்த்துங்கள். பை தரையில், ஃபைல் மடியில், மேசை அவர்களுடையது. அவர் கை நீட்டினால் குலுக்குங்கள், இல்லையென்றால் கைகூப்பி வணக்கம் போதும். கேள்வி கேட்டவரைப் பார்த்துப் பதிலைத் தொடங்கி, நடுவில் மற்றவர்களையும் ஒருமுறை பாருங்கள். ஓரமாகப் பேசாமல் உட்கார்ந்திருப்பவர்தான் பல இடங்களில் முதலாளி.

அநேகமாக முதல் கேள்வி “எங்கிருந்து வர்றீங்க?” என்பதாகத்தான் இருக்கும். இதைக் குசலம் விசாரிப்பாக எடுத்துக்கொண்டு “பண்ருட்டி சார்” என்று நிறுத்திவிடுகிறார்கள். எதிரே இருப்பவர் கேட்டது ஊரை இல்லை, ஷிஃப்ட்டை. காலை 6 மணி ஷிஃப்ட்டுக்கு இவர் வந்து சேருவாரா, ராத்திரி 10 மணிக்கு முடிந்தால் எப்படிப் போவார், மழைக்காலத்தில் எத்தனை நாள் லீவு போடுவார்? ஆள் சேர்ந்து மூன்றாம் வாரத்தில் ‘தூரமா இருக்கு சார்’ என்று நின்றுவிடுவதுதான் அவர்களுடைய பெரிய பயம். அந்தப் பயத்தை முதல் நிமிஷத்திலேயே தீர்த்துவிடலாம்: “நெல்லிக்குப்பம் சார். பைக் இருக்கு. காலை ஷிஃப்ட்னா 5 மணிக்கே கிளம்பிடுவேன். நைட் ஷிஃப்ட்டும் பார்ப்பேன்.” பைக் இல்லையென்றால் பொய் வேண்டாம். கம்பெனி பஸ் உங்கள் பக்கம் வருகிறதா என்று விசாரித்து வைத்திருந்து, “மஞ்சக்குப்பம் வரைக்கும் கம்பெனி பஸ் வருதுன்னு கேள்விப்பட்டேன், அங்கே வந்துடுவேன் சார்” என்று சொல்லலாம். நைட் ஷிஃப்ட் முடியாது என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள், சேர்ந்த பிறகு சொல்வது இரண்டு பக்கமும் நஷ்டம்.

பாண்டி ஹோட்டல்களில் இதே கேள்வி வேறு வேஷத்தில் வரும்: சனி, ஞாயிறு வருவீர்களா? அங்கே கூட்டமே வார இறுதியில்தான். ‘ஞாயிறு மட்டும் லீவு வேணும்’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. வெள்ளைக்காரர் வரும் இடமாயிற்றே என்று ‘போன்ஷூர்’ மட்டும் மனப்பாடம் செய்து போகாதீர்கள். மேனேஜர் பிரெஞ்சிலேயே தொடர்ந்தால் முழிக்க வேண்டியதுதான்.

அடுத்தது “உங்களைப் பற்றிச் சொல்லுங்க.” ஒன்றரை நிமிஷத்துக்குள் முடியட்டும், எழுதினால் அரைப்பக்கம். அப்பா என்ன வேலை, பொழுதுபோக்கு கிரிக்கெட், நான் ஹார்டு ஒர்க்கர் எதுவும் வேண்டாம். என்ன படித்தீர்கள், கையால் எதைச் செய்திருக்கிறீர்கள், இந்த வேலையில் அது எங்கே உதவும், அவ்வளவுதான். “பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சார். டைட்ரேஷன், பிஎச் மீட்டர் காலிபரேஷன் தனியா செய்வேன். எச்.பி.எல்.சி. மெஷினை ப்ராஜெக்ட்டில் பார்த்திருக்கேன், தனியா ஓட்டினதில்லை. க்யூ.சி.யில் (தரப் பரிசோதனைப் பிரிவு) ட்ரெய்னியா கேட்டிருந்தீங்க, அதுக்குத்தான் வந்திருக்கேன்.” ‘தனியா ஓட்டினதில்லை’ என்ற அந்த வரியை விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். அதைச் சொன்னவர், முதல் இரண்டையும் உண்மையாகத்தான் சொல்லியிருப்பார் என்று நம்பிக்கை வரும்.

ஆங்கிலத்தில் கேட்டால் முதல் இரண்டு வாக்கியம் மட்டும் நெட்டுரு இருக்கட்டும், மீதியைக் குறிப்புகளாக நினைவில் வையுங்கள். முழுவதையும் ஒப்பித்தால் நடுவில் ஒரு குறுக்குக் கேள்வி வந்ததும் ரயில் தடம் புரளும். முடியவில்லையா, “இதைத் தமிழில் சொல்லலாமா சார்?” என்று ஒருமுறை கேட்டுவிட்டுத் தமிழிலேயே தெளிவாகச் சொல்லுங்கள்.

வீடியோவில் இன்டர்வியூ என்றால் கேமரா கண் உயரத்தில், ஜன்னல் முகத்துக்கு எதிரே, மின்விசிறிக் காற்று மைக்கில் அடிக்காமல். திரையில் போன் மாடல் பெயர் தெரிந்தால் உங்கள் பெயராக மாற்றிவிடுங்கள்.

துணைக்கு வந்த அப்பாவோ நண்பரோ டீக்கடையிலேயே இருக்கட்டும். முடிந்து வெளியே வரும்போது பாஸைத் திருப்பிக் கொடுத்து, நோட்டில் வெளியேறும் நேரத்தை எழுதுங்கள். கேட்டில் கொடுத்து வைத்த போனைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று “மச்சி, சும்மா மொக்கை கேள்வியா கேட்டானுங்க” என்று ஆரம்பிக்காதீர்கள். செக்யூரிட்டி இரண்டடி தள்ளித்தான் நிற்கிறார். உள்ளே இருப்பவரோடு தினமும் டீ குடிப்பவரும் அவரே.