மழைக்குப் பின் தங்கச்சிமடத்துச் சமையல்

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தீர்த்தது. வானம் பார்த்த பூமியான ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் ஆண்டில் பெய்யும் மழையில் கிட்டத்தட்டப் பாதி அது. தண்ணீர் சற்று வடிந்ததும், நண்பர்கள் சிலர் சேர்ந்து பாய், போர்வை, அரிசி, குடிநீர் கேன்களை ஒரு சிறிய வண்டியில் ஏற்றிக்கொண்டு, மதுரையிலிருந்து பாம்பன் பாலம் வழியாக, ராமேஸ்வரம் தீவிலேயே இருக்கும் தங்கச்சிமடத்துக்குச் சென்றோம்.

அங்கே உணவுப் பொட்டலங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தொலைவிலிருந்து வந்த தக்காளிச் சாதமும் சாம்பார் சாதமும் அந்தப் புழுக்கத்தில் மதியத்துக்குள்ளேயே ஊசிப்போயின. மீனவக் குடியிருப்பில் ஓர் அக்கா எங்களிடம் வெளிப்படையாகவே சொன்னார்: "பொட்டலம் போதும் தம்பி. காஞ்ச விறகும் அரிசியும் குடுங்க, நாங்களே ஆக்கிக்கிறோம்." நிவாரணம் என்றாலே பிரெட்டும் பிஸ்கெட்டும் என்று எண்ணுபவர்கள் அன்று அவருடைய அடுப்பைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுப்பு என்பது மொட்டை மாடியில், தார்ப்பாய்க்கு அடியில் கூட்டிய மூன்று செங்கற்கள்தான். பரண்மேல் இருந்ததால் நனையாமல் தப்பிய கருவாட்டை வெந்நீரில் அலசி, புளியைத் தாராளமாகக் கரைத்து, அம்மி கீழே சேற்றில் கிடந்ததால் முண்டு மிளகாயை உலக்கையால் இடித்தே சேர்த்தார். உருண்டையாகவும் தடித்த தோலுடனும் இருக்கும் இந்த மிளகாய், புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரத்துச் சொத்து. அது குழம்புக்குக் கொடுத்த நிறத்தையும் மணத்தையும் கடையில் வாங்கும் மிளகாய்த்தூளில் நான் கண்டதில்லை. எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை கொதித்த அந்தக் குழம்பை, சுடுசோற்றில் ஊற்றி, தெருவே நின்றுகொண்டு சாப்பிட்டது. மறுநாள் காலையில் அதே குழம்பைப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டபோது, சுவை முதல் நாளைவிட ஒரு படி மேலே இருந்தது. (எங்களில் ஒருவர் சைவம், அவர் பாடு ஊறுகாயோடு முடிந்தது.)

திரும்பும் வழியில் கீழக்கரைக்கும் சென்றோம். தேங்காய்ப்பாலையும் அரிசி மாவையும் கருப்பட்டியையும் மணிக்கணக்கில் விடாமல் கிண்டி, கை ஓயும் பதத்தில் இறக்கும் தொதல் அந்த ஊரின் அடையாளம். வெட்டினால் கத்தியில் லேசாக ஒட்டும். வாயில் போட்டால் முதலில் கருப்பட்டியின் புகைமணமும் பிறகு தேங்காய்ப்பாலின் கொழுப்பும் தெரியும். குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே சில நாட்கள் தாங்குவதால், வளைகுடா நாடுகளுக்குச் செல்வோரின் பெட்டியில் இது தவறாமல் இடம்பிடிக்கிறது. மின்சாரம் போன வீடுகளுக்கு இதைவிட ஏற்ற இனிப்பு எனக்குத் தோன்றவில்லை. இனி இந்தக் கடற்கரைக்கு நிவாரண வண்டி புறப்பட்டால், பிஸ்கெட் பெட்டிகளைக் குறைத்துக்கொண்டு, விறகையும் கீழக்கரையிலேயே வாங்கிய தொதலையும் ஏற்றலாம் என்று எங்கள் குழுவில் பேசி வைத்திருக்கிறோம்.